கேமரா படங்களுக்குப் பெயரும் எண்ணும் வருவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கேமரா வாங்கியவர்கள் லென்ஸைப் பற்றியும் வெளிச்சத்தைப் பற்றியும் கேட்பதைவிட அதிகமாக என்னிடம் கேட்பது ஃபைல் எண்களைப் பற்றித்தான். "நம்பர் ஏன் தாவுது?", "ஒரே பேர்ல ரெண்டு படம் இருக்கே?", "நடுவுல படம் காணோமே?" என்று திரும்பத் திரும்ப ஒரே சந்தேகங்கள். இந்தக் குழப்பத்தில் நல்ல படங்களை நிரந்தரமாக இழந்தவர்கள் உண்டு. அதனால்தான் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் தொகுத்திருக்கிறேன். ஃபைல் பெயர்களைத் தமிழ் எழுத்திலேயே எழுதியிருக்கிறேன். கேமரா திரையில் அவை ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் தெரியும்.

1. படத்துக்கு ஏன் ஐஎம்ஜி_0042 என்று ஒரு மொட்டைப் பெயர்? கொஞ்சம் புரிகிற மாதிரி வைக்கக் கூடாதா?

கேமராவுக்கு அந்தப் பெயரில் மொத்தம் எட்டு இடம்தான் உண்டு. முதல் நான்கு இடம் தயாரிப்பாளர் விருப்பம்: ஆங்கிலப் பெரிய எழுத்து, எண், அடிக்கோடு ஆகியவற்றில் எதையும் வைக்கலாம். அடுத்த நான்கு இடம் கட்டாயம் எண். 0001 முதல் 9999 வரை. 0000 கிடையாது. புள்ளிக்குப் பிறகு மூன்று எழுத்து ஃபைலின் வகையைச் சொல்லும். ஐஎம்ஜி_0042.ஜேபிஜி என்றால் ஐ, எம், ஜி, ஓர் அடிக்கோடு, பிறகு 42-ஆவது எண். அவ்வளவுதான்.

எட்டும் மூன்றும் என்ற இந்தக் கணக்கு எம்எஸ்-டாஸ் என்ற பழைய கணினி இயங்குதளத்தின் காலத்து ஃபேட் ஃபைல் அமைப்பிலிருந்து வந்தது. இன்றைய பெரிய கார்டுகள் பயன்படுத்தும் எக்ஸ்ஃபேட் அமைப்பில் 255 எழுத்து வரை பெயர் வைக்கலாம். ஆனாலும் ஒரு கேமராவின் கார்டை இன்னொரு கேமராவோ, பிரிண்டரோ, டிவியோ தடுமாறாமல் படிக்க வேண்டும் என்பதால் பழைய கட்டுப்பாடு அப்படியே நீடிக்கிறது.

2. இந்த விதியை யார் போட்டது? எல்லாக் கம்பெனியும் இதைத்தான் பின்பற்றுகின்றனவா?

டிசிஎஃப் என்று இதற்குப் பெயர். ஜப்பானிய மின்னணுத் தொழில் அமைப்பு ஒன்று 1998-இல் வகுத்தது. அந்த அமைப்பு 2000-இல் இன்னொன்றோடு இணைந்து ஜெய்ட்டா ஆனது. 2003-இல் விதியின் இரண்டாம் பதிப்பு வந்தது. கேனான், நிக்கான், சோனி, ஃபியூஜி, பானசோனிக் என்று பெரிய கேமரா நிறுவனங்கள் எல்லாம் புகைப்படங்களுக்கு இதைத்தான் பின்பற்றுகின்றன. பல ஃபோன்கள் மட்டும் தனி வழி. அதற்கு 16-ஆம் கேள்விக்குப் போங்கள்.

3. கார்டைத் திறந்தால் டிசிஐஎம் என்று ஒரு ஃபோல்டர், அதற்குள் 100கேனான் என்று இன்னொன்று. எதற்கு இத்தனை அடுக்கு?

டிசிஐஎம் என்பது "டிஜிட்டல் கேமரா இமேஜஸ்" என்பதன் சுருக்கம். அதன் உள்ளே இருக்கும் ஃபோல்டர்களின் பெயரில் முதல் மூன்று இடம் எண், 100 முதல் 999 வரை. மீதி ஐந்து இடம் தயாரிப்பாளருடையது: 100கேனான், 100நிக்கான், 100_பானா, சோனியில் 100எம்எஸ்டிசிஎஃப். சில கேமராக்கள் அந்த ஐந்து இடத்தில் தேதியை வைக்கும். சோனியில் தேதி முறையைத் தேர்ந்தெடுத்தால் 10040115 என்று வரும். ஃபோல்டர் 100, ஆண்டின் கடைசி இலக்கம் 4, ஜனவரி 15 என்று பிரித்துப் படிக்க வேண்டும்.

இந்த அடுக்கு இருப்பதால்தான் எண்கள் போதுமானவையாக இருக்கின்றன. ஒரு ஃபோல்டருக்கு 9999 என்று வைத்தாலும் 900 ஃபோல்டர்களுக்கு 89,99,100 படங்கள் ஆகிறது. நடைமுறையில் பல கேமராக்கள் ஃபோல்டர் அவ்வளவு நிரம்பும்வரை காத்திருக்காமல் முன்பே அடுத்ததைத் திறந்துவிடும்.

இதில் ஒன்றை மட்டும் மனதில் நிறுத்திக்கொள்ளுங்கள், பின்னால் பல பதில்களுக்கு இதுவே அடிப்படை. படத்தின் எண் வீட்டு எண்ணைப் போன்றது. எந்தத் தெரு என்று சொல்லாவிட்டால் அதற்குப் பொருள் இல்லை. கேமரா திரையில் 100-0042 என்று இரண்டையும் சேர்த்துக் காட்டுவது அதனால்தான். 100-இலும் ஒரு 0042 இருக்கலாம், 101-இலும் ஒரு 0042 இருக்கலாம். இரண்டும் வேறு வேறு படங்கள்.

4. பெயரைப் பார்த்தே எந்த கேமரா என்று சொல்லிவிடலாமா?

ஓரளவுக்கு. ஐஎம்ஜி_ என்றால் பெரும்பாலும் கேனான், ஆனால் ஐஃபோனும் அதையே பயன்படுத்துகிறது. டிஎஸ்சி_ நிக்கான், நிக்கானின் கூல்பிக்ஸ் வரிசையில் டிஎஸ்சிஎன். டிஎஸ்சிஎஃப் ஃபியூஜி. சோனியில் டிஎஸ்சி00042 என்று ஐந்து இலக்கம் இருப்பதுபோல் தெரியும், ஆனால் விதிப்படி கடைசி நான்குதான் எண்; முன்னால் இருக்கும் பூஜ்யம் பெயரைச் சேர்ந்தது.

எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் பி1010001. ஒலிம்பஸ் கேமராவில் இதற்கு ஜனவரி மாதம் (1), முதல் தேதி (01), முதல் படம் (0001) என்று பொருள். அக்டோபர், நவம்பர், டிசம்பருக்கு ஒரே இடத்தில் இரண்டு இலக்கம் வைக்க முடியாது என்பதால் ஏ, பி, சி என்ற எழுத்துகள் வரும். அதே பி1010001 பானசோனிக்கில் இருந்தால் 101-ஆம் ஃபோல்டர், முதல் படம் என்று பொருள். தேதிக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. எட்டு இடமும் ஒன்றே, படிக்கும் முறை முற்றிலும் வேறு. ஆகவே கேமராவின் பெயர் உறுதியாகத் தெரிய வேண்டுமானால் ஃபைல் பெயரை நம்பாதீர்கள். படத்துக்குள்ளேயே இருக்கும் எக்ஸிஃப் தகவலில் தயாரிப்பாளரும் மாடலும் எழுதப்பட்டிருக்கும். விண்டோஸில் ஃபைலின் ப்ராப்பர்ட்டீஸைத் திறந்தாலே பார்க்கலாம்.

5. சில படங்களில் மட்டும் பெயருக்கு முன்னால் ஓர் அடிக்கோடு விழுகிறது. கார்டு கெட்டுப்போய்விட்டதா?

இல்லை. கேமராவில் வண்ண அமைப்பு அடோபி ஆர்ஜிபி என்று மாறியிருக்கிறது. விதியின் இரண்டாம் பதிப்பில் சேர்ந்த ஏற்பாடு இது: அந்த வண்ண அமைப்பில் எடுத்த படத்தின் பெயர் அடிக்கோட்டில் தொடங்க வேண்டும். கேனானின் ஐஎம்ஜி_0042 அப்போது _எம்ஜி_0042 ஆகும்; நிக்கானின் டிஎஸ்சி_0042 _டிஎஸ்சி0042 ஆகும்.

தெரியாமல் மாறியிருந்தால் திரும்ப வழக்கமான எஸ்ஆர்ஜிபி வண்ண அமைப்புக்கு மாற்றிவிடுங்கள். அடோபி ஆர்ஜிபி படத்தை அதைப் புரிந்துகொள்ளாத செயலியில் திறந்தால் நிறங்கள் வெளிறித் தெரியும். அச்சுக்காக வேண்டுமென்றே தேர்ந்தெடுத்தவர்களுக்கு மட்டுமே அது பயன்படும்.

6. ஒரே நம்பரில் இரண்டு ஃபைல் இருக்கிறது. ஒன்றை அழித்துவிடலாமா?

முதலில் புள்ளிக்குப் பின்னால் இருப்பதைப் பாருங்கள். ஒன்று ஜேபிஜியும் மற்றது சிஆர்2, சிஆர்3, என்இஎஃப், ஏஆர்டபிள்யூ, ஆர்ஏஎஃப் போன்ற ஏதாவதும் என்றால் அது ஒரே காட்சியின் ஜேபெக் வடிவமும் ரா வடிவமும். ஒரே ஃபோல்டரில் ஒரே எண் கொண்ட ஃபைல்களை ஒரே பொருளாக எண்ண வேண்டும் என்பது விதி. அதனால் கேமராவில் ஒன்றை அழித்தால் வழக்கமாக இரண்டும் சேர்ந்தே போகும். ரா ஃபைலில்தான் சென்சார் பதிந்த முழுத் தகவலும் இருக்கிறது. கணினியில் ஒன்றை அழிக்க நேர்ந்தால் அதை வைத்துக்கொள்ளுங்கள்.

7. படமெல்லாம் கணினிக்கு வந்துவிட்டது, வீடியோ மட்டும் காணோம்.

டிசிஐஎம் ஃபோல்டரை மட்டும் நகல் எடுத்திருப்பீர்கள். கேனான் பல மாடல்களில் வீடியோவையும் அங்கேயே எம்விஐ_0043 என்று படங்களோடு சேர்த்து எண்ணிடுகிறது. ஆனால் சோனி போன்றவை வீடியோவை ப்ரைவேட் என்ற வேறு ஃபோல்டருக்குள் வைக்கும். அதற்குள் எம்4ரூட், அதற்குள் க்ளிப், அங்கே சி0001.எம்பி4 என்று இருக்கும். ஏவிசிஎச்டி வகை என்றால் இன்னும் ஆழத்தில், ஸ்ட்ரீம் என்ற ஃபோல்டரில் 00000.எம்டிஎஸ் என்ற பெயரில் கிடக்கும். கார்டை ஃபார்மேட் செய்வதற்கு முன் முழுக் கார்டையும் நகல் எடுப்பதே பாதுகாப்பு.

8. 0120-க்கு அடுத்து 0124 வருகிறது. நடுவில் மூன்று படம் எங்கே?

கேமராவிலேயே அழித்திருப்பீர்கள், அல்லது அவை 7-ஆம் பதிலில் சொன்னதுபோல் வீடியோவாக இருக்கும். எண்களைத் தொடர்ச்சியாக வைக்கும் அமைப்பில், அழித்த எண்ணைக் கேமரா மறுபடி நிரப்புவதில்லை. இடைவெளி இருப்பதாலேயே கோளாறு என்று எண்ண வேண்டாம்.

9. 9999 வந்துவிட்டால் அடுத்து என்ன? 10000 ஆகுமா?

ஆகாது, நான்கு இலக்கத்துக்கு மேல் இடமில்லை. 100-9998, 100-9999, அடுத்த க்ளிக்கில் 101-0001. புதிய ஃபோல்டர் தானாகத் திறக்கும், எண் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும். படம் எதுவும் அழியாது.

சிக்கல் கணினியில்தான் வரும். இரண்டு ஃபோல்டரையும் கொட்டிக் கலந்து பெயர்வாரியாக அடுக்கினால், கடைசியாக எடுத்த 0001 பட்டியலின் உச்சியில் போய் நிற்கும். எடுத்த தேதிவாரியாக அடுக்குங்கள், சரியாகிவிடும்.

10. மெனுவில் கன்டினியூயஸ், ஆட்டோ ரீசெட், மேனுவல் ரீசெட் என்று மூன்று இருக்கிறது. எதை வைப்பது?

கன்டினியூயஸ். சந்தேகமே வேண்டாம். இது கேனான் மெனுவின் சொற்கள். நிக்கானில் "ஃபைல் நம்பர் சீக்வென்ஸ்" ஆன் என்பதும் சோனியில் சீரீஸ் என்பதும் இதேதான். கார்டை மாற்றினாலும் ஃபார்மேட் செய்தாலும் புது ஃபோல்டர் திறந்தாலும் கேமரா விட்ட இடத்திலிருந்தே எண்ணைத் தொடரும். ஆட்டோ ரீசெட்டில் ஒவ்வொரு முறை கார்டு மாறும்போதும் 0001. மேனுவல் ரீசெட் என்பது அந்த நேரத்தில் மட்டும் புது ஃபோல்டர் திறந்து ஒன்றிலிருந்து தொடங்கச் சொல்வது.

ஆட்டோ ரீசெட்டில் படம் எப்படித் தொலைகிறது என்று பாருங்கள். காலையில் ஒரு கார்டில் 0001 முதல் 0300 வரை. மாலையில் வேறு கார்டு. மறுபடி 0001 முதல் 0250 வரை. இரவில் இரண்டையும் கணினியில் ஒரே ஃபோல்டருக்கு இழுத்துப் போடுகிறீர்கள். "இந்தப் பெயரில் ஃபைல் ஏற்கெனவே இருக்கிறது, மாற்றவா?" என்று கணினி கேட்கிறது. தூக்கக் கலக்கத்தில் எல்லாவற்றுக்கும் சரி என்று அழுத்தினால் காலையில் எடுத்த 250 படங்கள் போய்விடும். ஃபோல்டரைத் திறந்தால் 300 படங்கள் இருக்கும், எண் வரிசையும் சரியாக இருக்கும், அதனால் எதுவும் தொலைந்ததாகத் தோன்றாது. பிறகு காலைக் கார்டையும் ஃபார்மேட் செய்துவிட்டால் கதை முடிந்தது.

என்னிடம் வந்த இழப்புகளில் மனதை அதிகம் வருத்துபவை இவைதான், ஏனெனில் ஒரே ஒரு மெனு அமைப்பு இதைத் தடுத்திருக்கும். கன்டினியூயஸ் வைத்தாலும் 9999 தாண்டும்போது இதே மோதல் வரலாம் என்பதால், ஒவ்வொரு கார்டையும் தேதி போட்ட தனி ஃபோல்டருக்கு நகல் எடுக்கும் பழக்கமும் வேண்டும். கணினி எப்போதாவது "மாற்றவா?" என்று கேட்டால் அங்கேயே நிறுத்துங்கள்.

11. கன்டினியூயஸில்தான் வைத்திருக்கிறேன். நண்பரின் கார்டைப் போட்டதும் 0350-இல் இருந்த நம்பர் 7813-க்குத் தாவிவிட்டது. ஏன்?

அந்தக் கார்டில் 7812 வரை படங்கள் இருந்திருக்கும். கேமரா தன் நினைவில் இருக்கும் கடைசி எண்ணையும் கார்டில் இருக்கும் பெரிய எண்ணையும் பார்த்து, எது பெரியதோ அதிலிருந்து தொடரும். பழைய படத்தின் மேல் புதியது விழுந்துவிடக் கூடாது என்பதற்கான பாதுகாப்பு இது. ஃபோல்டர் எண்ணும் இதே போலத் தாவலாம்.

பின்னர் உங்கள் சொந்தக் கார்டைத் திரும்பப் போட்டாலும் எண் இறங்காது. அதனால் தீங்கில்லை. தாவலே வேண்டாம் என்றால், இரவல் கார்டைக் கேமராவில் போடுவதற்கு முன்பே கணினியில் நகல் எடுத்துக் காலி செய்துவிடுங்கள்.

12. பழைய கேமரா ஒன்று வாங்கப் போகிறேன். கடைசிப் பட எண் 3000 என்கிறார்கள். அப்படியென்றால் கொஞ்சம்தான் ஓடியிருக்கிறது, இல்லையா?

அந்த எண்ணை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. 9-ஆம் பதில்படி அது பலமுறை சுற்றி வந்திருக்கலாம்; 10-ஆம் பதில்படி யாராவது ரீசெட் செய்திருக்கலாம்; 11-ஆம் பதில்படி வேறு கார்டிலிருந்து எண் தொற்றியிருக்கலாம்.

ஷட்டர் எத்தனை முறை இயங்கியது என்பதை கேமரா தனியாகக் கணக்கு வைக்கிறது. நிக்கான், பென்டாக்ஸ் கேமராக்களில் பலவும் அதைப் படத்தின் எக்ஸிஃபுக்குள் தயாரிப்பாளர் பகுதியில் எழுதுகின்றன. கேமராவிலிருந்து அப்படியே எடுத்த, திருத்தாத ஒரு ஃபைலை வாங்கி எக்ஸிஃப் டூல் போன்ற செயலியில் திறந்து பார்க்கலாம். கேனானில் பெரும்பாலும் படத்துக்குள் இருக்காது. கேமராவைக் கேபிளில் இணைத்துத்தான் படிக்க வேண்டும்.

13. கணினியில் நல்ல பெயராக மாற்றித் திரும்பக் கார்டில் போட்டேன். கேமரா அந்தப் படத்தைக் காட்டவே மாட்டேன் என்கிறது.

1-ஆம் பதிலில் சொன்ன எட்டு இட அமைப்புக்குள் அடங்காத பெயர் எதையும் கேமரா பொருட்படுத்தாது. படம் கார்டில் பத்திரமாகத்தான் இருக்கிறது. பழைய பெயரையே வைத்தால் பெரும்பாலும் தெரியும். கணினியில் திருத்திச் சேமித்த படம் என்றால் அப்போதும் தெரியாமல் போகலாம்.

14. பெயரை மாற்றினால் தரம் குறையுமா? எடுத்த தேதி அழிந்துவிடுமா?

இரண்டும் நடக்காது. பெயர் என்பது ஃபைல் அமைப்பின் பட்டியலில் இருக்கும் ஒரு வரி. படத்தையோ அதற்குள் பதிந்த எக்ஸிஃபையோ அது தொடுவதில்லை. எடுத்த நேரம் எக்ஸிஃபில் இருக்கிறது. கணினி காட்டும் "உருவாக்கிய தேதி" வேறு. அது நகல் எடுக்கும்போதே மாறிவிடும், அதை நம்பாதீர்கள்.

கவனம் வேண்டிய இடம் ஒன்று உண்டு. ரா ஃபைலையும் ஜேபெக்கையும் திருத்தங்களைக் குறித்து வைக்கும் எக்ஸ்எம்பி துணை ஃபைலையும் இணைத்து வைப்பது அவற்றின் ஒரே பெயர்தான். ஒன்றை மட்டும் மாற்றினால் ஜோடி பிரிந்துவிடும். லைட்ரூம் என்ற படத் திருத்தச் செயலியைப் பயன்படுத்துகிறவர்கள் அதற்குள்ளிருந்தே மாற்றுங்கள். வெளியே மாற்றினால் அது படத்தைக் காணோம் என்று சொல்லும்.

15. சரி, எப்படிப் பெயர் வைப்பது? ஒரே நிகழ்ச்சியை இரண்டு கேமராவில் எடுத்தால் என்ன செய்வது?

நான் பரிந்துரைப்பது: 20240115_103045_ஐஎம்ஜி_0042. ஆண்டு, மாதம், நாள், பிறகு மணி, நிமிடம், நொடி, கடைசியில் பழைய பெயர் அப்படியே. ஆண்டு முன்னால் இருந்தால் பெயர்வாரி அடுக்கும் கால வரிசையும் ஒன்றாகிவிடும். பழைய எண்ணை விட்டுவிடாதீர்கள். நொடிக்குப் பத்துப் படம் எடுக்கும் கேமராவில் ஒரே நொடியில் பத்துப் படங்களுக்கு ஒரே பெயர் வந்து மோதும். அந்த எண்தான் அவற்றைப் பிரித்துக் காட்டும். கையால் மாற்ற வேண்டாம், எக்ஸிஃப் நேரத்தைப் படித்து மொத்தமாக மாற்றும் செயலிகள் நிறைய இருக்கின்றன.

இரண்டு கேமரா என்றால் நிகழ்ச்சிக்கு முன்பே இரண்டு வேலை. கடிகாரங்களை நொடிவரை ஒன்றாக்குங்கள். பிறகு மெனுவில் பெயரின் முதல் எழுத்துகளை மாற்றுங்கள். நிக்கானிலும் சோனியிலும் மூன்று எழுத்தும், கேனானின் பல மாடல்களில் நான்கும் மாற்றலாம். ஒன்றுக்கு ஏஏஏ, மற்றதற்கு பிபிபி என்று வைத்தாலே போதும். கடிகாரம் ஒத்துப்போகாமல் எடுத்துவிட்டீர்கள் என்றால், இரண்டு கேமராவிலும் பதிந்த ஒரே கணத்தைக் கண்டுபிடித்து, அந்த நேர வித்தியாசத்தை ஒரு கேமராவின் படங்களுக்கு மட்டும் கூட்டியோ கழித்தோ சரிசெய்யலாம்.

16. ஃபோனில் பெயரே தேதியாக வருகிறதே, அப்போது குழப்பமே இல்லைதானே?

பல ஆண்ட்ராய்டு ஃபோன்கள் 20240115_103045 என்ற மாதிரியில் வைப்பது வசதிதான். ஆனால் பிக்சல் ஃபோன்களின் பிஎக்ஸ்எல்_ பெயரில் இருக்கும் நேரம் உள்ளூர் நேரம் இல்லை, யுடிசி என்ற உலகப் பொது நேரம். அதனால் சில மணி நேரம் தள்ளியிருக்கும், நாளே கூட மாறித் தெரியலாம். வாட்ஸ்அப்பில் வந்த ஐஎம்ஜி-20240115-டபிள்யூஏ0003 போன்ற பெயரில் உள்ள தேதி படம் எடுத்த தேதியே இல்லை, அது உங்கள் ஃபோனுக்கு வந்த தேதி. சாதாரணமாக அனுப்பும் படத்தில் எக்ஸிஃபையும் வாட்ஸ்அப் நீக்கிவிடுவதால் உண்மைத் தேதியை அதிலிருந்து எடுக்க வழியில்லை. தேதி முக்கியம் என்றால் டாக்குமென்டாக அனுப்பச் சொல்லுங்கள்.

17. கார்டில் நிறைய இடம் இருக்கிறது, ஆனாலும் கேமரா படம் எடுக்க மறுக்கிறது. ஃபோல்டர் எண் 999 என்று காட்டுகிறது.

எண்கள் தீர்ந்துவிட்டன. 999-ஆம் ஃபோல்டருக்கு அடுத்த ஃபோல்டர் கிடையாது. அதற்குள் 9999 வந்துவிட்டாலோ, அந்த மாடல் அனுமதிக்கும் எண்ணிக்கை நிரம்பினாலோ ஷட்டர் பூட்டிக்கொள்ளும். உண்மையிலேயே இத்தனை படம் எடுத்து யாரும் இந்த நிலைக்கு வருவதில்லை. யாரோ கையால் 999 என்று ஃபோல்டர் உருவாக்கிய கார்டு உள்ளே போயிருக்கும், 11-ஆம் பதிலில் சொன்ன தாவல் நடந்திருக்கும்.

படங்களை நகல் எடுத்துச் சரிபார்த்த பிறகு கேமராவிலேயே கார்டை ஃபார்மேட் செய்யுங்கள். அடுத்து எண்ணை ரீசெட் செய்யுங்கள். பிறகு மறக்காமல் கன்டினியூயஸுக்குத் திரும்புங்கள்.

18. தெரியாமல் ஃபார்மேட் செய்த கார்டிலிருந்து படங்களை மீட்டேன். எல்லாம் எஃப்1234567 என்று வந்திருக்கிறது. பழைய பெயர் கிடைக்குமா?

கிடைப்பது அரிது. பெயர்களின் பட்டியல் ஃபார்மேட்டிலேயே வெறுமையாகிவிட்டது. ஃபோட்டோரெக் போன்ற செயலி கார்டில் கிடக்கும் தரவை நேரடியாகத் துழாவி, ஒரு படம் தொடங்கும் இடத்தைக் கண்டு, அந்த இடத்தின் செக்டர் எண்ணையே (கார்டில் அது எத்தனையாவது துண்டு என்பதை) பெயராக வைக்கிறது.

ஆனால் படத்துக்குள் இருக்கும் எக்ஸிஃப் பெரும்பாலும் பிழைத்திருக்கும். 15-ஆம் பதிலில் சொன்ன மொத்தமாகப் பெயர் மாற்றும் செயலியை ஓட்டினால் எல்லாம் எடுத்த நேர வரிசைக்கு வந்துவிடும். பழைய எண் இருந்த இடத்தில் இந்த செக்டர் எண்ணையே விட்டுவையுங்கள், ஒரே நொடியில் எடுத்த படங்கள் மோதாமல் இருக்க அது உதவும். கேனானின் பல மாடல்கள் ஃபைல் எண்ணையும் எக்ஸிஃபின் தயாரிப்பாளர் பகுதியில் எழுதி வைக்கின்றன. அப்படியிருந்தால் எக்ஸிஃப் டூல் மூலம் பழைய எண்ணையே திரும்பப் பெறலாம். மீட்ட படங்களை அதே கார்டில் சேமிக்காதீர்கள், இன்னும் மீட்காமல் கிடப்பவற்றின் மேல் அவை எழுதிவிடும்.